புள்ளிராஜாவும் கபசுரக் குடிநீரும்

டிஸ்கி: வயசுக்கு வந்தவங்களுக்கான பதிவு. கிளுகிளுப்பு எதிர்பார்த்து வந்தவங்க இப்படியே அப்பீட் ஆகிக்கலாம். தங்கமணி படிச்சுப் பார்த்து, ரெண்டு வரிய வெட்டச் சொல்லி, மிச்சத்துக்கு அனுமதி கொடுத்துட்டாங்க.

2020 ஏப்ரல், மே மாசத்துல வந்த வாட்ஸப் ஜோக்கெல்லாம் ஞாபகம் இருக்கா மக்களே? 'டிசம்பர்ல பிரசவ ஆஸ்பத்திரில பெட் கிடைக்காது, இப்பவே புக் பண்ணிருங்க' வகையறா. எங்க குரூப்புல மட்டும் இதே ஜோக்கு பத்து விதமா வந்துச்சு. நானும் நாலு பேருக்கு ஃபார்வேர்ட் பண்ணேன், மறைக்கல. சரியா அந்த நேரத்துல யூனிசெஃப் ஒரு கணக்கு விட்டுச்சு. பெருந்தொற்றுன்னு அறிவிச்சதுல இருந்து டிசம்பர் நடு வரைக்கும் இந்தியாவுல 2 கோடி குழந்தைங்க பிறக்கும்னு. உடனே நம்ம பத்திரிகைக்காரங்க 'லாக்டவுன் எஃபெக்ட்'னு தலைப்பு போட்டுட்டாங்க. வருஷத்துக்குச் சுமார் 2.4 கோடி குழந்தை பிறக்கிற நாடுய்யா இது. ஒன்பது மாசத்துக்குப் பிரிச்சா எப்பவும் வர்ற கணக்குதான் கிட்டத்தட்ட வரும். மார்ச் 11-ல ஆரம்பிக்கிற கணக்குல ஊரடங்குக்கு முன்னாடியே வயித்துல இருந்த பிள்ளைங்கதான் கிட்டத்தட்ட எல்லாமே. சாதாரணக் கழித்தல் கணக்கு. யாரும் போடல.

நடந்தது என்ன? பிரான்ஸுல 2021 ஜனவரியில பிறப்பு முந்தின ஜனவரிய விட 13 சதவீதம் குறைஞ்சு போச்சு. இத்தாலி, ஸ்பெயின்லயும் இறக்கம்தான். உலகத்துல அஞ்சு ஆணுறைக்கு ஒண்ணு தயாரிக்கிற மலேசியாவோட கேரக்ஸ் கம்பெனி, 2020 மார்ச்சுல ஃபேக்டரிய மூடினப்போ 'அய்யய்யோ தட்டுப்பாடு'ன்னாங்க. அதே கம்பெனி 2022 ஆரம்பத்துல சொன்னது என்னன்னா, ரெண்டு வருஷத்துல விற்பனை 40 சதவீதம் வரைக்கும் விழுந்துருச்சாம். ஆக, ஆளுங்கள வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டினா நெருக்கம் தன்னால வந்துரும்ங்கிறது ஜோக்கு எழுதினவனோட கற்பனை.

மதுரையில பாதிப்பேருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்ல. காம்பவுண்டு வீடு தெரியும்ல? ஒரு வாசல், உள்ள போனா ரெண்டு பக்கமும் வரிசையா பத்துப் பன்னெண்டு வீடு. ஒரு ரூமு, ஒரு அடுப்படி. பாத்ரூம் கடைசில, எல்லாருக்கும் பொது. செல்லூர், ஆரப்பாளையம், அனுப்பானடி எங்கிட்டுப் போனாலும் இதான். அந்த ஒரு ரூமுக்குள்ள தாய் தகப்பன், புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. சாதாரண நாள்ல பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகும், பெரியவர் டீக்கடைக்குப் போவார், அம்மா கோயிலுக்குப் போகும். கிடைக்கிற அரைமணி நேரம்தான் அந்தத் தம்பதியோட மொத்தத் தாம்பத்யமும். ஊரடங்கு முதல்ல பறிச்சது அந்த அரைமணி நேரத்ததான். மார்ச் 25-ம் தேதி தமிழ்நாட்டோட முதல் கொரோனா சாவே நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியிலதான். அந்த பயத்தோட ஆரம்பிச்சது. அப்புறம் ஜூன் 24-ல இருந்து ஜூலை நடு வரைக்கும் மதுரைக்கும் பரவைக்கும்னு தனியா ஒரு முழு ஊரடங்கு வேற. தியேட்டர் நவம்பர் வரைக்கும் திறக்கல. காதலிக்கிற பிள்ளைங்க ஒதுங்குற பார்க்கு, தெப்பக்குளம், சமணர் மலை எல்லாம் போச்சு. 'சமூக இடைவெளி'ன்னு ரோட்டுல வட்டம் போட்டாங்க. வீட்டுக்குள்ள இடைவெளி வேணும்னு தவிச்சவங்களுக்கு வட்டம் போட யாரும் வரல.

மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் ஞாபகம் இருக்கும். கோயிலுக்குள்ள பட்டர்கள் மட்டும் நின்னு நடத்தினாங்க, ஊரே டிவியில பார்த்துச்சு. அம்மனுக்குத் தாலி ஏறுற நேரத்துல எங்க ஊர்ப் பொம்பளைங்க புதுத் தாலிக்கயிறு மாத்திக்குவாங்க. அந்த வருஷம் அவங்கவங்க வீட்டு டிவி முன்னாடியே மாத்திக்கிட்டாங்க. தங்கமணியும் மாத்திக்கிட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து குங்குமம் வச்சுவிட்டேன். கல்யாணமாகி இத்தன வருஷத்துல அந்த நேரத்துல நான் பக்கத்துல இருந்தது அதான் முதல் தடவை. ஊரடங்குல எங்களுக்குக் கிடைச்ச நல்லதுல அது ஒண்ணு.

கெட்டது ஆகஸ்ட்டுல வந்துச்சு. தங்கமணிக்கு பாசிட்டிவ். லேசானதுதான். மாடி ரூம்ல 14 நாள். சாப்பாட்டை வாசல்ல வச்சுட்டு கதவத் தட்டிட்டு ஓடி வந்துருவேன். 15-வது நாள் கீழ வந்தாங்க, அடுத்த டெஸ்ட்டு நெகட்டிவ். ஆனா படுக்கைய மட்டும் யாரும் மாத்திப் போடல. அவங்களுக்கு ராத்திரில இருமல் இருந்துச்சு, நல்லாத் தூங்கட்டும்னு நான் ஹால்லயே படுத்துக்கிட்டேன். அப்படியே ஒரு மாசம் ரெண்டு மாசமாச்சு. தீபாவளியும் போச்சு. பொங்கலுக்கு முந்தின வாரம் வெள்ளையடிக்க சாமான் ஒதுக்கிக்கிட்டிருந்தப்போ, திடீர்னு கேட்டாங்க, "உங்களுக்கு என்னையப் பார்த்தா இன்னும் பயமா இருக்கா? இல்ல அருவருப்பா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நான் இம்புட்டு நாளா அவங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டிருக்கேன். அவங்க அஞ்சு மாசமா தன்ன ஒதுக்கி வச்சுட்டதா நினைச்சுக்கிட்டிருந்திருக்காங்க. இதுக்கு மேல எழுதக்கூடாதுன்னு உத்தரவு. (வெட்டின ரெண்டு வரி இங்கதான் இருந்துச்சு :-))

சரி, மேட்டருக்கு வர்றேன். இதை எழுத வச்சது என் கதையில்ல. ஒரு நண்பனோட கதை. பேரு வேணாம், தொழிலு வேணாம். அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அவனுக்கு 2020 ஜூலைல கொரோனா. பத்து நாள் வார்டுல இருந்து பொழச்சு வந்தான். வந்து ரெண்டு மாசத்துல வீட்டுக்குள்ள 'முடியல'. முதல்ல உடம்பு அசதின்னு நினைச்சிருக்கான். அப்புறம் யாரோ வாட்ஸப்புல அனுப்பினது, கொரோனா வந்தா ஆண்மை போயிரும்னு. அவ்ளோதான், மனசு உடைஞ்சு போயிட்டான். டாக்டர்கிட்டப் போகல. ராத்திரி பதினோரு மணிக்கு மேல டிவியில வருவாங்கல்ல, 'பரம்பரை பரம்பரையாக'ன்னு ஆரம்பிச்சு, வாலிப வயோதிக அன்பர்களே ரேஞ்சுல. முன்னாடியெல்லாம் மாசத்துல குறிப்பிட்ட தேதிக்கு லாட்ஜுல ரூம் போட்டு உக்காருவாங்க. ஊரடங்குல லாட்ஜு இல்லையா, எல்லாரும் போன்ல வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. கூரியர்ல மருந்து. இவன் முதல்ல 12,500 ரூபா கட்டியிருக்கான். குணமாகலன்னதும் 'உங்களுக்கு நரம்பு ரொம்ப தளர்ந்திருக்கு, ஸ்பெஷல் தங்க பஸ்பம்'னு இன்னொரு 18,000.

இதெல்லாம் எனக்கு 2022 வரைக்கும் தெரியாது. அந்த வருஷம்தான் ரெண்டு வருஷம் கழிச்சு அழகர் ஆத்துல இறங்கினார். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். நெரிசல்ல ரெண்டு உயிர் போச்சு. இவன் மட்டும் வரல. சின்ன வயசுல இருந்து எதிர்சேவைக்கு நாங்க சேர்ந்துதான் போவோம். போன் பண்ணினா, "கால் எரியுது மாப்ள, நிக்க முடியல"ன்னான். நேர்ல போய்ப் பார்த்தா, ஆள் பாதியா இருக்கான். மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் சுவத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் எல்லாத்தையும் சொன்னான். கடைசியா, "மாப்ள, அவ ஒரு வார்த்த கேட்கல. அதான் எனக்குத் தாங்கல"ன்னான்.

மறுநாள் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். டாக்டர் முதல்ல பழைய சீட்டையெல்லாம் கேட்டார். ஒரு மஞ்சப்பையில வச்சிருந்தான், கொரோனா டிஸ்சார்ஜ் சீட்டு உள்பட. அதுல கடைசி வரியில எழுதியிருக்கு, சர்க்கரை அளவு கூடுதல், வெளியில் பரிசோதிக்கவும்னு. ரெண்டு வருஷமா அந்த சீட்டு வீட்டு பீரோவுல இருந்திருக்கு. யாரும் கடைசி வரி வரைக்கும் படிக்கல. அன்னைக்கு டெஸ்ட் எடுத்தா மூணு மாச சர்க்கரை சராசரி 10.8. கால் எரிச்சலுக்கும் அதான் காரணம், 'முடியல'ன்னதுக்கும் அதான் காரணம். இந்த லட்சணத்துல தினம் காலைல ராத்திரி ரெண்டு வேளை, ரெண்டு ஸ்பூன் லேகியம். லேகியம் எதுல கிண்டுவாங்க? வெல்லம், தேன், நெய். சர்க்கரை முத்தின ஆள், ஆண்மை வேணும்னு முப்பதாயிரம் ரூபா கொடுத்து ரெண்டு வருஷமா வெல்லப்பாகு தின்னுருக்கான். எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. டாக்டர் சிரிக்கல.

அவர் சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையா இருந்துச்சு. விறைப்புங்கிறது ரத்த ஓட்டம். அங்க போற ரத்தக்குழாய் இதயத்துக் குழாயைவிடச் சின்னது. அதனால சர்க்கரையோ கொழுப்போ குழாயைக் கெடுக்க ஆரம்பிச்சா முதல்ல தெரியிறது அங்கதான். மாரடைப்புக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடியே உடம்பு அடிக்கிற மணி அது. நம்மாளுங்க அந்த மணிச்சத்தத்தக் கேட்டு வெக்கப்பட்டு காதைப் பொத்திக்கிறாங்க. கொரோனாவும் ரத்தக்குழாயோட உள்பூச்சைப் பாதிக்கிற நோய்தான். 2021-ல இத்தாலில 100 ஆம்பளைங்ககிட்ட ஒரு ஆய்வு பண்ணினாங்க. கொரோனா வந்தவங்கள்ல 28 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சனை, வராதவங்கள்ல 9 சதவீதம். சின்ன ஆய்வுதான், இத வச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா என் நண்பன் மாதிரி ஆளுங்களுக்கு 'இது உனக்கு மட்டும் இல்ல, டாக்டர்கிட்டப் போ'ன்னு சொல்ல அது போதும்ல?

யாரும் சொல்லல. இதான் என் ஆத்தாமை. தினம் சாயங்காலம் டிவியில பிரஸ்மீட்டு. முதல்ல பீலா ராஜேஷ், அப்புறம் ராதாகிருஷ்ணன். எத்தனை பேருக்கு டெஸ்ட்டு, எத்தனை பேர் டிஸ்சார்ஜ், கை கழுவுங்க, கபசுரக் குடிநீர் குடிங்க. தப்பு சொல்லல, அவங்க பட்ட பாடு பெருசு. ஆனா புருஷன் பொண்டாட்டி எப்ப சேர்ந்து படுக்கலாம்னு ஒரு வரி? நான் பார்த்த வரைக்கும் இல்ல. நியூயார்க் நகர சுகாதாரத்துறை 2020 மார்ச்சுலயே பச்சையா ஒரு அறிக்கை விட்டுச்சு. யாரோட சேரலாம், யாரோட கூடாது, உங்களுக்கு நீங்களே தான் இப்ப பாதுகாப்பான துணைன்னு எழுதி. நெதர்லாந்து அரசு மே மாசம், தனியா இருக்கறவங்க ஒரே ஒரு துணையோட பேசி வச்சுக்கோங்கன்னுச்சு. அவன் ஊர் பழக்கம் வேற, அதை அப்படியே இங்க சொல்ல முடியாதுதான். ஆனா 'குணமானவரோட படுக்கையைப் பகிரலாம், பயம் வேணாம்'னு சொல்றதுக்கு என்ன கலாச்சாரம் குறுக்க வருது?

இதே தமிழ்நாடுதாங்க 2003-ல ஊர் பூராவும் சுவத்துல எழுதுச்சு, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'ன்னு. பஸ்ஸுல, போஸ்டர்ல, டீக்கடையில எங்க பார்த்தாலும் புள்ளிராஜா. சின்னப் பசங்க எல்லாம் கேட்டுச்சு, யாருப்பா புள்ளிராஜான்னு. அப்பாக்கள் முழிச்சாங்க. கடுப்பானவங்களும் உண்டு. ஆனா பேசினாங்க. 1986-ல சென்னையில சுனிதி சாலமன் குழு எச்.ஐ.வி.ய முதன்முதலா கண்டுபிடிச்சப்போ 'நம்ம ஊர்ல அதெல்லாம் இருக்காது'ன்னு சொன்ன சமூகம்தான் இது. அங்க இருந்து புள்ளிராஜா வரைக்கும் வர 17 வருஷம் ஆச்சு. அடுத்த பெருந்தொற்று வந்தப்போ அந்த 17 வருஷத்தையும் தொலைச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கோம்.

பேசாத இடத்துல வதந்தி வந்து குடியேறிரும்ல. தடுப்பூசி வந்தப்போ ஆரம்பிச்சது அடுத்த ஆட்டம். ஊசி போட்டா ஆண்மை போயிரும், பிள்ளை பிறக்காது. 2021 ஜனவரியிலயே நாட்டோட மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் சோமானி இது சுத்த அபத்தம்னு சொன்னார். யார் கேட்டா? ஏப்ரல்ல நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்புல விழுந்து, அதுக்கு மறுநாள் இறந்ததும் எங்க பக்கத்துக் கிராமங்கள்ல பயம் டபுளாச்சு. வாடிப்பட்டி பக்கம் எங்க சொந்தக்காரர் ஒருத்தர், பொண்டாட்டிக்கு ஊசி போட்டுட்டாரு, தனக்குப் போடல. கேட்டா, "அவளுக்கு என்ன, ரெண்டு பிள்ள பெத்தாச்சு"ன்னாரு. அடேங்கப்பா! அந்த வருஷம் ஜூன்ல அமெரிக்காவுல மயாமி பல்கலைக்கழகத்துல ரஞ்சித் ராமசாமின்னு ஒரு டாக்டர் குழு 45 ஆண்களோட விந்தணுவை ஊசிக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ணிப் பார்த்துச்சு. குறையல. அவங்க போட்டது நம்ம கோவிஷீல்டு இல்ல, வேற வகை, அதையும் சொல்லிடறேன். அடுத்த வருஷம் பாஸ்டன்ல பெரிய ஆய்வு ஒண்ணு. ஊசியால கருத்தரிக்கிறதுல வித்தியாசம் இல்ல, ஆனா ஆணுக்குக் கொரோனாவே வந்தா ரெண்டு மாசம் போல வாய்ப்பு கொஞ்சம் குறையுதுன்னு வந்துச்சு. அதாவது பயப்பட வேண்டியது நோய்க்கு. நம்மாளு பயந்தது மருந்துக்கு.

பொம்பளைங்க பக்கம் வந்தா கதை இன்னும் மோசம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல கருத்தடைன்னா அது பெண்ணோட ஆபரேஷன்தான். கல்யாணமான பெண்கள்ல நூத்துக்கு 58 பேர் அதுதான். ஆண் ஆபரேஷன் ஆயிரத்துக்கு ஒண்ணு. ஆணுறைப் பழக்கமும் அத்தைப்பாட்டி கதைதான். ஊரடங்குல ஆபரேஷன் நிறுத்தி வச்சாங்க, காப்பர் டி நின்னுச்சு, கிராம செவிலியர்கள் எல்லாம் வீடு வீடா காய்ச்சல் கணக்கெடுக்கப் போயிட்டாங்க. 'ரெண்டாவது பிரசவத்தோட பண்ணிக்கலாம்'னு இருந்தவங்க நிலைமை என்ன? அவசர மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள போடணும், டாக்டர் சீட்டே வேணாம்னு சட்டம். தமிழ்நாட்டுல மருந்துக்கடையில கேட்டுப் பாருங்க. 'தடை பண்ணிட்டாங்கம்மா'ன்னுருவாங்க. தடையே கிடையாது. போலீஸ் லத்தியோட நிக்குது, இதுல ஒரு பொண்ணு நாலு கடை ஏறி இறங்கி இதக் கேட்குமா? வெளி மாநிலத்துல முறுக்குக் கம்பெனிக்குப் போன உசிலம்பட்டிப் பக்கத்து ஆளுங்க மாதிரி, வருஷத்துக்கு ஒருவாட்டி வர்றவங்க எல்லாம் மாசக்கணக்கா வீட்ல இருந்த நேரம் வேற. வேணாம்னு சொல்ற உரிமை அந்தப் பொண்ணுங்களுக்கு எத்தனை வீட்ல இருந்துச்சோ. இத ஆம்பள நான் ஊகிச்சு எழுதக்கூடாது. பெண் பதிவர்கள் யாராவது எழுதினா நல்லாருக்கும்.

இந்த இருட்டுக்குள்ளயும் ஒரு வெளிச்சம் பார்த்தேன், அதுவும் மதுரை சம்பந்தப்பட்டது. 2021-ல மதுரையைச் சேர்ந்த ரெண்டு இளம்பெண்கள், ஒருத்தரை ஒருத்தர் விரும்பினவங்க, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்குப் போய் பாதுகாப்பு கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. விசாரிச்ச நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கு இந்த விஷயத்துல முழுசாப் புரிதல் இல்லன்னு வெளிப்படையாவே சொல்லி, தானே ஒரு மனநல நிபுணர்கிட்ட உக்காந்து பாடம் கேட்டுட்டு, ஜூன் 7-ம் தேதி உத்தரவு போட்டார். போலீஸ் தொந்தரவு பண்ணக்கூடாது, 'மாத்தறேன் பேர்வழி'ன்னு வைத்தியம் பண்றது கூடாதுன்னு. ஊரே ரெண்டாவது அலையில ஆக்ஸிஜனுக்கு அலைஞ்ச நேரம் அது. ஹைகோர்ட் நீதிபதி 'எனக்குத் தெரியாது, கத்துக்கறேன்'னு சொல்றார். நம்ம வீட்டுப் பெரிய மனுஷங்க வாயில அது வருமா? என் வாயில வந்துச்சா, அந்த அஞ்சு மாசத்துல?

கோர்ட்டுன்னதும் இன்னொண்ணு. 2016-ல ஹைகோர்ட்டோட மதுரைக் கிளைதான், திருக்குறள்ல அறத்துப்பால், பொருட்பாலோட 108 அதிகாரத்தையும் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுங்கன்னு தீர்ப்பு சொல்லுச்சு. நல்ல தீர்ப்பு. மூணாவது பால்ல இருக்கிற 250 குறள் மட்டும் வாசலுக்கு வெளிய நிக்குது. சின்னப் பிள்ளைங்களுக்கு வேணாம், சரி. பெரியவங்க ஆன பிறகாவது யார் சொல்லித் தர்றா? வள்ளுவர் ஊடலுக்கே ஒரு அதிகாரம் வச்சிருக்கார். நாங்க ரெண்டு பேரும் ஊடல்னே தெரியாம அஞ்சு மாசம் ஊடல்ல இருந்திருக்கோம்.

நண்பன் இப்ப மாத்திரையில இருக்கான். சர்க்கரை ஏழுக்குக் கீழ வந்துருச்சு. கால் எரிச்சல் முக்காவாசி போச்சு. மத்ததும் பரவால்லன்னான், நான் மேல கேட்கல. அவன் சம்சாரத்தையும் டாக்டர் ஒருநாள் கூப்பிட்டுப் பேசினாராம். அவங்க சொன்னது, "நான் ஏன் கேட்கலன்னா, கேட்டா அவரு இன்னும் கூனிக்குறுகிப் போயிருவாருன்னுதான்."

அந்த லேகியக்காரன் போன் நம்பரை இவன் பிளாக் பண்ணிட்டான். வேற வேற நம்பர்ல இருந்து இப்பவும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களாம். போன மாசம் ஒரு பொண்ணு பேசியிருக்கு, "சார், போன தடவை மருந்து எப்படி வேலை செஞ்சது?"ன்னு. இவன், "நல்லா வேலை செஞ்சதும்மா, 10.8"ன்னு சொல்லிட்டு வச்சுட்டானாம்.